மரங்கள் அடர்ந்த குன்றில் வீட்டுமனைத் திட்டம் வரவிருக்கிறது. அதை இயற்கைக் காப்பிடமாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் கையெழுத்து வேட்டையில் இறங்குமுன், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு குன்றுக்காக மூன்று ஆண்டுகள் அலைந்தோம். முதல் ஆண்டு முழுக்க மனு, கூட்டம், துண்டறிக்கை. அதிகாரிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் நல்ல மழை. மனைகளுக்காக மேற்குச் சரிவில் ஏற்கெனவே பாதை வெட்டியிருந்தார்கள். அதன் வழியே மண் குழம்பாக இறங்கி, அடிவாரத்து வடிகாலை அடைத்துக்கொண்டிருந்தது. இருபதடி தள்ளி, மரங்களுக்கு அடியில் சருகை விலக்கிக் கையை விட்டேன். மணிக்கட்டு வரை ஈரம். அந்தப் பக்கத்து ஓடையிலோ தண்ணீர் தெளிவாக ஓடியது. இரண்டு நீரையும் இரண்டு பாட்டில்களில் பிடித்து அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைத்தோம். பறவைப் பட்டியலுக்கு அசையாதவர்கள் அந்தப் பாட்டில்களுக்கு அசைந்தார்கள். (பட்டியலைத் தயாரித்தவன் நான்தான். வருத்தம் இன்னும் உண்டு.)

அதனால் கிடைத்தது அவகாசம் மட்டுமே. திட்ட வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். அடுத்து வரும் நிர்வாகம் அதை அழித்துவிடலாம். பத்திரத்தில் ஏறியதை அழிப்பது கடினம். ஓர் அறக்கட்டளை நிலத்தையே வாங்கிவிடலாம். அல்லது உரிமையாளர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கட்டடம் எழுப்புவதில்லை என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் பதியலாம். அமெரிக்காவில் இந்த இரண்டாவது முறை பரவலாக இருக்கிறது; அடுத்து வாங்குபவரையும் அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும்.

இங்கிலாந்தின் சமூகச் சீர்திருத்தவாதி ஆக்டேவியா ஹில் 1870களில் லண்டனின் சுவிஸ் காட்டேஜ் வயல்களைக் காக்கப் பணம் திரட்டித் தோற்றார்; அங்கே வீடுகள் வந்துவிட்டன. 1895இல் ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி இருவருடன் சேர்ந்து நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவினார். அதற்கு முதலில் கிடைத்த நிலமே வேல்ஸில் உள்ள டினாஸ் ஒலை என்ற குன்றுச் சரிவு. ஃபேனி டால்பட் கொடையாகத் தந்தது. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது 1907ஆம் ஆண்டுச் சட்டம். தன் நிலத்தைக் கைமாற்ற முடியாதது என்று அறிவிக்கும் அதிகாரத்தை டிரஸ்டுக்கு அது கொடுத்தது. அறிவித்த பிறகு டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது.

"பாதியை விட்டுக்கொடுங்கள்" என்று கட்டாயம் பேரம் பேசுவார்கள். நாங்கள் மேற்குச் சரிவை விட்டுக்கொடுத்தோம். காகிதத்தில் அந்த எல்லைக்கோடு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டுக்கு அப்பால் மரங்களை வெட்டியதும், இப்பால் நிழலுக்குள் ஒன்றையொன்று அண்டி வளர்ந்த மரங்கள் திடீரென வெட்டவெளியின் விளிம்புக்கு வந்தன. முதல் பெருங்காற்றிலேயே ஏழு சாய்ந்தன. வெயில் விழுந்த இடத்தில் களைக்கொடிகள் ஏறிக்கொண்டன. கோடு போடும் நாள் வந்தால் உச்சியிலிருந்து ஓடை வரை ஒரே துண்டாகக் கேளுங்கள்.