வெளியீட்டுக்கு ஆற்றின் பெயரா, நெல்லின் பெயரா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒன்பது பேர் சேர்ந்து, நெல் மண்டிகளுக்கும் ரைஸ் மில்களுக்கும் இருப்புக் கணக்கும் பில்லிங்கும் பார்க்கும் மென்பொருளை உருவாக்கி வருகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு. இனி ஒவ்வொன்றுக்கும் சங்கேதப் பெயர் வைக்க விரும்புகிறோம். காவிரியின் கிளையாறுகள், பாரம்பரிய நெல் ரகங்கள், தெய்வங்கள் என்று மூன்று யோசனைகள் வந்துள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பெயர் எதற்கு வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், எந்தப் பெயர் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். வேலை தொடங்கும் நாளில் வெளியீட்டுத் தேதி உறுதியாக இருப்பதில்லை. தேதியை ஒட்டியே எண் அமையுமானால் எண்ணும் உறுதியாக இருக்காது. உபுண்டு இயங்குதளத்தின் பதிப்பு எண் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எழுதப்படுவது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய அதன் பதிப்பு ஆறு வாரங்கள் தள்ளிப்போய் ஜூன் 1 அன்று வந்ததால், 6.04 என்றிருக்க வேண்டிய எண் 6.06 ஆகிவிட்டது, ஆனால் அதை உருவாக்கியவர்கள் தொடக்கம் முதலே சொல்லிவந்த 'டாப்பர் டிரேக்' என்ற பெயர் மாறவில்லை. சங்கேதப் பெயரின் முதன்மையான பயன் இதுதான்: வெளிவராத ஒன்றைப் பற்றிக் குழுவினர் குழப்பமின்றிப் பேசிக்கொள்ள அது உதவுகிறது. வெளிவந்த பிறகு அது பின்வாங்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 'சிகாகோ' என்று அழைத்துவந்த இயங்குதளம், கடைக்கு வந்தபோது விண்டோஸ் 95 ஆகியிருந்தது.

ஆறுகளின் பெயரை வைப்பது இத்துறையில் நெடுநாள் வழக்கம். இன்டெல் தன் கணினிச் சில்லுகளுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆறுகளான கிளாமத், வில்லமெட் ஆகியவற்றின் பெயர்களை வைத்தது. ஏஎம்டி நிறுவனம் 2014 ஜனவரியில் வெளியிட்ட சில்லு வரிசைக்கு நம் காவிரியின் பெயரே சங்கேதப் பெயராக இருந்தது என்பதையும், அடுத்த ஆண்டு கோதாவரி வந்தது என்பதையும் உங்கள் குழுவில் சிலர் அறிந்திருக்கலாம். ஆகவே கிளையாறுகள் என்ற யோசனை நல்ல மரபில் வந்ததுதான். ஆனாலும் டெல்டாவில் உட்கார்ந்து வேலை செய்யும் குழுவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெண்ணாறு, வெட்டாறு, வெள்ளையாறு ஆகிய மூன்றையும் கைபேசியில் இரைச்சலுக்கு நடுவே சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் எதைக் கேட்டார் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதைவிடக் கனமான காரணம் வேறு. குடமுருட்டி ஆற்றின் பெயர் கொண்ட பதிப்பில் ஏதாவது பழுதானால் 'குடமுருட்டி உடைந்துவிட்டது' என்று குழுவில் ஒருவர் செய்தி அனுப்புவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சொற்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணில் பட்டால், கரையோரத்தில் வயல் வைத்திருக்கும் அவருக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான். ஆற்று உடைப்பு என்பது நம் ஊரில் உயிரோடும் விளைச்சலோடும் சம்பந்தப்பட்ட சொல். அதைக் கணினிப் பழுதுக்குப் புழங்கவிடக் கூடாது.

நெல் ரகங்களின் பெயர்கள் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும், உங்களுக்கு மட்டும் அவை பொருந்தாது. பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா ஆகியவை உங்கள் மென்பொருளுக்குள்ளேயே சரக்குப் பெயர்களாக இருப்பவை. 'பூங்காரில் இருப்பு தவறாகக் காட்டுகிறது' என்று மில்லிலிருந்து ஒருவர் சொன்னால், அவர் சொல்வது நெல்லையா பதிப்பையா என்று நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் தொழிலில் புழங்கும் எந்தச் சொல்லையும் வெளியீட்டுக்கு வைக்காதீர்கள். குறுவை, தாளடி என்ற சாகுபடிப் பருவப் பெயர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தெய்வப் பெயர்கள் வேண்டவே வேண்டாம். ஒரு பதிப்பைத் திரும்பப் பெறவும் நீக்கவும் நேரிடும். அந்த வினைகளைத் தெய்வத்தின் பெயரோடு சேர்த்து எழுத யாருக்கும் மனம் வராது. வாழும் மனிதர்களின் பெயரும் அப்படியே. ஆப்பிள் நிறுவனம் பவர் மேக்கின்டாஷ் 7100 கணினிக்கு உள்ளுக்குள் வானியலாளர் கார்ல் சேகனின் பெயரை வைத்திருந்தது; செய்தி வெளியே கசிந்து, அவர் எதிர்ப்புத் தெரிவித்து, வழக்கு வரை போனது. உள்பெயர் வெளியே போகாது என்று எந்தக் குழுவும் நம்பியிருக்கக் கூடாது.

வரிசையையும் ஒலியையும் பற்றிச் சொல்ல வேண்டும். டெபியன் என்ற இயங்குதளத்தின் 10, 11, 12 ஆம் பதிப்புகள் பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வோர்ம் என்று மூன்றுமே ஆங்கிலத்தின் ஒரே எழுத்தில் தொடங்குவதால், எது முந்தியது என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உபுண்டுவோ அகரவரிசையில் செல்வதால் பெயரே காலத்தைக் காட்டிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 2019இல் இனிப்புப் பெயர்களைப் பொதுவெளியில் கைவிட்டபோது, சில மொழிகளில் எல், ஆர் ஒலிகள் பேச்சில் வேறுபடுவதில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. நமக்கு அந்தச் சிக்கல் ல, ள, ழ என்ற வடிவில் வருகிறது. நிரலின் கிளைகளுக்கும் கோப்புறைகளுக்கும் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். கொள்ளிடத்தைக் 'கோலரூன்' என்று எழுதிய ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை பறவைகள். வடுவூர் ஏரியிலும் கோடியக்கரையிலும் பார்க்கக் கிடைக்கும் பறவைகளையும் ஊருக்குள் திரிபவற்றையும் சேர்த்து, தமிழ் அகரவரிசைப்படி ஆலா, உள்ளான், கொக்கு, சிட்டு, நாரை, புறா, மைனா, வக்கா என்று எட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். எல்லாமே குறுகியவை, முதல் எழுத்தில் வேறுபட்டவை, ழகரம் இல்லாதவை. ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே ஒரு கோப்பில் எழுதி, எல்லோரும் அதிலிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள். மில்லில் இருப்பவரின் திரையில் மட்டும் பெயர் வேண்டாம். ஆண்டும் மாதமும் கொண்ட எண் பெரிதாகத் தெரியட்டும், தொலைபேசியில் அவர் அதைப் படித்துச் சொன்னால் எந்தப் பறவை என்பதை உங்கள் கோப்பு சொல்லிவிடும்.