கேள்வி பதில்: இண்டக்‌ஷன் அடுப்பில் ஐ.ஜி.பி.டி. திரும்பத் திரும்ப எரிவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பக்கம் விசைத்தறி ஓடுகிறது, மறுபக்கம் சமையலறை இருக்கிறது. சென்ற மாதம் இண்டக்‌ஷன் அடுப்பு ‘டப்’பென்ற சத்தத்துடன் நின்றுவிட்டது. பியூஸையும், மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சாக வேலை செய்யும் ஐ.ஜி.பி.டி.யையும் மாற்றினோம், சில நாள்களில் இரண்டுமே மறுபடியும் போய்விட்டன. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன், மல்டிமீட்டரும் இருக்கிறது. அதற்கு முன் எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்? (வாசகர், சோமனூர்)

பதில்: போர்டை மாற்ற இப்போதே அவசரப்பட வேண்டாம். ஐ.ஜி.பி.டி. இரண்டாம் முறையும் எரிந்தது என்றால், அதை எரித்த காரணம் போர்டில் இன்னும் அப்படியே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைக் கடந்ததும் ஏறத்தாழ 320 வோல்ட் உச்சமுள்ள நேர்மின்சாரமாகிறது. அதை ஐ.ஜி.பி.டி. நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல், பாத்திரத்துக்குக் கீழே இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு விட்டுவிட்டு நிறுத்துகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் காயிலும் அதற்கு இணையாக உள்ள 1200 வோல்ட் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதிரும்போது, ஐ.ஜி.பி.டி.யின் மேல் விழும் அழுத்தம் ஆயிரம் வோல்ட்டை நெருங்கிவிடும். அது மறுபடியும் பூஜ்யத்துக்கு இறங்கும் கணத்தில்தான் அடுத்த முறை இயக்க வேண்டும்.

ஆகவே முதலில் அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். பெரும்பாலும் 0.27 முதல் 0.33 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். அச்சிட்ட அளவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கொள்ளளவு குறையக் குறைய அதே மின்னோட்டத்துக்கு எழும் வோல்ட் கூடிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக ஃபேன் கெப்பாசிட்டரைப் போடுவோரும் உண்டு. அது சில நிமிடம்கூடத் தாங்காது. அடுத்து, காயிலின் வோல்ட்டைக் கம்பேரட்டருக்கு (வோல்ட்டுகளை ஒப்பிட்டு இயக்கும் கணத்தை அறியும் பகுதி) குறைத்துக் கொடுக்கும் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வரிசையைப் பாருங்கள். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் ஒன்றின் மதிப்பு ஏறிவிட்டாலும் இயக்கும் கணம் தவறிவிடும். மூன்றாவதாக, ஐ.ஜி.பி.டி.யை இயக்கும் முனையான கேட் பகுதி: ஐ.ஜி.பி.டி. எரியும்போது, கேட்டில் வோல்ட் எல்லை மீறாமல் காக்கும் ஜீனரையும், கேட்டுக்கு இயக்கச் சைகை தரும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் சேர்த்தே கெடுத்துவிடும். அவற்றைப் பார்க்காமல் புதியதைப் பொருத்தினால் அதையும் இழக்க வேண்டியதுதான்.

அதன்பின் ஐ.ஜி.பி.டி. இல்லாமல், நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் சேர்த்து மின்சாரம் கொடுங்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. டிரைவருக்கும் விசிறிக்குமான 18 வோல்ட்டும், கட்டுப்பாட்டுச் சிப்புக்கான 5 வோல்ட்டும் சரியாக வருகின்றனவா, கேட்டில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். 18 வோல்ட் தாழ்ந்தால் ஐ.ஜி.பி.டி. முழுவதும் திறக்காமல் சூடேறியே எரியும்; பழைய அடுப்புகளில் அதற்கு முதல் காரணம் பவர் சப்ளையின் காய்ந்துபோன கெப்பாசிட்டர். ஐ.ஜி.பி.டி.யைப் பொருத்திய பிறகும் பல்பு மங்கியே இருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இன்னும் மிச்சமிருக்கிறது.

தறி ஓடும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசி விசிறியிலும், ஐ.ஜி.பி.டி.யின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கிலும் படிந்து காற்றை அடைத்துவிடும். இதைத் தூரிகையால் சுத்தம் செய்து, ஹீட்சிங்க் பசையைப் புதுப்பித்து, அங்கு வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் அழுந்த உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் அடுப்பு எரிந்ததற்கு இதுவே முதற்காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் மின்னேற்றம் நிற்கும். அதே பல்பின் வழியே அதை வடித்த பிறகே கை வையுங்கள். போர்டின் ‘கிரவுண்டு’ம் மெயின்ஸோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால், மின்சாரம் இருக்கையில் எந்த இடத்தையும் தொடக்கூடாது.

கேள்வி: பாத்திரம் வைத்தும் அடுப்பு ‘பீப்’ அடிக்கிறது, சில நாள் பிழை எண்ணும் காட்டுகிறது. (வாசகி, பெருந்துறை)

பதில்: பிழை எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டாவிட்டால் குறை அடுப்பில் இல்லை. ஒட்டியும் அறியவில்லை என்றால், மின்னோட்டத்தை அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரையும் முன் சொன்ன ரெசிஸ்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட உடனேயே பிழை வந்தால் கண்ணாடியின் கீழுள்ள தெர்மிஸ்டர்மீது சந்தேகம் கொள்ளலாம். பல மாடல்களில் அது 25 டிகிரியில் 100 கிலோ ஓம் காட்டும். கோடை மதியத்தில் 35 டிகிரியாக இருந்தால் 65 அளவுக்கு இறங்கியிருப்பது இயல்பே. சூடேறிய பிறகுதான் பிழை வருகிறது என்றால் விசிறியைப் பாருங்கள்.

கேள்வி: பால் பொங்கி வழிந்த மறுநாளிலிருந்து பட்டன்கள் தாமாகவே இயங்குகின்றன. (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பலகையின் அடியில் ஈரம் இறங்கியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் வெயிலில் உலர்த்துங்கள். சரியாகாவிட்டால் பட்டன் போர்டை மட்டும் மாற்றினால் போதும்.