உழவர் கேள்வி–பதில்: மாமரம் நோயைத் தாங்க என்ன வழி?

கேள்வி: பூங்கொத்து கருகத் தொடங்கியதும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா மருந்தை இரண்டு முறை அடித்தோம். கருகல் நிற்கவில்லை. ரசாயன மருந்தைக் குறைக்கலாம் என்றார்களே, எங்கே பிசகு?
– பெங்களூரா ரக மாந்தோப்பு, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அடித்த நேரம்தான் பிசகு. பூவைக் கருக்குவது ஆந்த்ராக்னோஸ் நோய்ப் பூசணம். திசுவுக்குள் புகுந்துவிட்ட அதைச் சூடோமோனாஸ் வெளியேற்றாது. அந்தப் பாக்டீரியா மரத்தை உசுப்பிவிடும். வேலை செய்வது மரம். செல்சுவரை லிக்னினால் தடிப்பாக்கும், பூசணத்தின் சுவரைச் சிதைக்கும் கைட்டினேஸ் நொதியைச் சுரக்கும். இதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் நோய்க்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி அக்டோபரில் ஆரம்பித்து 3 வாரத்துக்கு ஒருமுறை, 5 முதல் 7 தெளிப்பு. அதில் ஒன்று பூவிலும் பிஞ்சிலும் விழ வேண்டும். லிட்டருக்கு 5 கிராம். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். பாக்டீரியாவைக் கலந்து விற்கும் டால்க் மாவு நாசிலை அடைக்கும், அதனால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு, ஸ்ட்ரெப்டோசைக்கிளின் இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லும். இவற்றோடு கலந்தால் காசு வீண். தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்த பழைய பாக்கெட்டில் உயிரோடு மிஞ்சுவது குறைவு.

அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சிகளையும் உள்பக்கம் நெருக்கும் கிளைகளையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். மழைத்துளி தெறித்து நோய் பரவுவது அந்தக் குச்சிகளிலிருந்துதான். பூக்கும்போது மழையோ விடாத பனியோ இருந்தால் பூசணக்கொல்லி ஒருமுறையாவது தேவைப்படும். அதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: மரத்துக்கு 4 கிலோ யூரியா வைக்கிறோம். தழை கருகருவென்று இருக்கிறது, தத்துப்பூச்சியோ அடங்கவில்லை.

பதில்: இரண்டுக்கும் காரணம் அந்த யூரியாதான். 6 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 1 கிலோ தழைச்சத்து போதும், அதாவது சுமார் 2.2 கிலோ யூரியா. மிஞ்சினால் துளிர் இளசாகவே நிற்கும், சாற்றில் அமினோ அமிலம் கூடும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுவே விருந்து. சாம்பல்சத்து 1.5 கிலோ வேண்டும், அது 2.5 கிலோ பொட்டாஷ். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மணிச்சத்து 1 கிலோ, தொழு உரம் 50 கிலோவும் சேர்த்து, செப்டம்பர்–அக்டோபரில் அடிமரத்திலிருந்து 45 செ.மீ. தள்ளி, இலைவிரிப்பின் ஓரம்வரை போட்டுக் கொத்திவிடுங்கள்.

கேள்வி: பறிக்கும்போது சுத்தமாக இருந்த காய், பழுக்கும்போது கரும்புள்ளி கட்டுகிறது. ஏன்?

பதில்: அதே ஆந்த்ராக்னோஸ் பூசணம் பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து உறங்கிக் கிடக்கும். பச்சைக் காயின் தோலிலுள்ள, பூசணத்தை எதிர்க்கும் ரிசார்சினால் சேர்மங்களும் காம்புப் பாலும் அதை அடக்கிவைக்கும். பழுக்கையில் அவை குறையும், புள்ளி விழும். காம்போடு வெட்டிப் பறியுங்கள். உலுக்கி விழவைத்தால் பாலும் வடியும், தோலும் கீறும். தோலில் வழிந்த பால் கறையும் உண்டாக்கும்.