மென்பொருளுக்கும் உண்டு புள்ளி வரி

(காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கடையையும் கணினிப் பழுது பார்க்கும் மேசையையும் ஒரே அறையில் நடத்தும் ‘கடைக்கார அக்கா’ வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் திறந்த மூல மென்பொருள், அதாவது மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், பற்றிய கேள்விகள் மட்டும்.)

என் மடிக்கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு இது தகுதி இல்லை என்று திரையில் செய்தி வருகிறது. பேரன், ‘லினக்ஸ் போடுங்கள் ஐயா’ என்கிறான். இந்த வயதில் இது தேவையா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தேவகோட்டை

உங்கள் வயதை யாரும் கேட்கவில்லை. கணினிக்குத்தான் வயதாகிவிட்டது என்று வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலியும் அவர்கள் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நல்ல நிலையில் உள்ள இயந்திரமும் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான்.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் திறந்த மூல மென்பொருள். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். தகராறு வந்தால் பெரும்பாலும் பிரிண்டரில்தான் வரும். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மென்பொருளைத் திறந்து வைக்கச் சொல்லும் இயக்கம் பிறந்ததே பிரிண்டரால். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய லேசர் பிரிண்டர் வந்தபோது அதன் மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-இல் அவர் அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது. பேப்பர் சிக்கியதால் தோன்றிய இயக்கம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் பேப்பர் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் பிரிண்டர் ஓடவில்லை என்றால் பேரனைக் கூப்பிடுங்கள். யோசனை சொன்னவன் அவன்தானே.

விம் நல்லதா, இமாக்ஸ் நல்லதா? விடுதியில் அடிதடி நடக்காத குறை.
— பொறியியல் மாணவர், காரைக்குடி

இரண்டும் நிரல் எழுத உதவும் மென்பொருள்கள். இமாக்ஸும், விம்மின் மூதாதையான வி-யும் 1976-இல் வந்தவை. சண்டைக்கும் ஏறக்குறைய அதே வயது. உங்கள் அப்பாவாலேயே தீர்க்க முடியாத வழக்கை என்னிடம் கொண்டுவராதீர்கள், தம்பி. விம்முக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டு வெளியே வர வழியில்லாமல் தவிப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பெங்களூரில் நல்ல சம்பளம் வாங்குகிறான். ஆனால் இரவு 11 மணிக்கு மேல் உட்கார்ந்து யாருக்கோ இலவசமாக நிரல் எழுதுகிறான். கேட்டால் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்கிறான். காசில்லாமல் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

முதலில் பெண் விஷயம். இதற்காகப் பெண் கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஆச்சி. புது வேலைக்குப் போகிற பிள்ளைகள் நேர்காணலில் இப்படி எழுதிய நிரலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். தைரியமாக ஜாதகத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்.

காசில்லாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்கிறீர்கள். நகரத்தார் கோவில் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமானால் கோவில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். ரங்கூனில் கடை வைத்திருந்தவரும் ஒரு புள்ளி, அந்தக் கடையில் கணக்கெழுதியவரும் ஒரு புள்ளி. புள்ளி வரி கட்டித்தான் கோவிலை நடத்தினார்கள். யார் கட்டினார், யாருக்குப் பாக்கி என்பது ஏட்டில் இருக்கும். உங்கள் மகன் ராத்திரியில் கட்டுவது அந்த வரிதான். பணத்துக்குப் பதில் உழைப்பாகக் கட்டுகிறான். எவரோ எழுதிப் பொதுவில் விட்ட மென்பொருளைத் தொடாமல் தொழில் நடத்தும் கணினி நிறுவனம் இன்று அரிது. அவனுக்குச் சம்பளம் தருகிற இடமும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இங்கே ஏடு கிடையாது. எனக்குக் கோபம் அதில்தான். கோடி கோடியாகச் சம்பாதிக்கிற நிறுவனமும் ஒரு ரூபாய் வரி கட்டாமல் பிரகாரம் சுற்றிவிட்டுப் போகலாம், உரிமம் தடுக்காது. லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியதில், இன்று பெரும்பாலான வேலையை நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்களே செய்கிறார்கள். ராஜகோபுரத்துக்கு உபயதாரர் கிடைத்துவிடுவார். மடப்பள்ளியில் விளக்கேற்றுகிறவரை யார் கேட்கிறார்கள்?

எக்ஸ்-இசட் என்று ஒரு சின்னக் கருவி. கோப்புகளைச் சுருக்கித் தருவது அதன் வேலை. லினக்ஸ் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதை லாஸ்ஸே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனி ஆளாகப் பார்த்துக்கொண்டார், சம்பளம் இல்லாமல். ஒரு கட்டத்தில் முடியவில்லை. ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, 2024-இல் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அது பரவியிருந்தால் உலகமெங்கும் எத்தனையோ சர்வர்களுக்குள் அவர் இஷ்டம்போல் நுழைந்திருக்கலாம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்தவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். மார்ச் 29-ஆம் தேதி விஷயம் வெளியே வந்தது. அரை நொடி, ஆச்சி! நம் ஊரில் முகூர்த்தத்துக்கு அரை மணி தாமதமானாலே யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் தோண்டவும் முடிந்தது. பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால், சந்தேகப்பட்டு விற்றவனுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் மகனைத் திட்டாதீர்கள். நேரத்தோடு தூங்க மட்டும் சொல்லுங்கள். களைத்துப்போனவனைத் தேடித்தான் ஜியா டான்கள் வருவார்கள்.

மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே நிறுவனம் 2018-இல் 750 கோடி டாலர் கொடுத்து, திறந்த மூலக்காரர்கள் கூடும் கிட்ஹப்பை வாங்கியது. மனம் மாறிவிட்டார்களா?
— தனியார் நிறுவன ஊழியர், சிவகங்கை

நிறுவனத்துக்கு ஏது மனம்? ஐந்தொகைதான் உண்டு.

நானும் டி.டி.பி. கடைதான். பேஜ்மேக்கரிலும் பாமினி எழுத்துருவிலும் கை பழகிவிட்டது. இப்போது எல்லாரும் வாட்ஸப்பில் யூனிகோடில் விவரம் அனுப்புகிறார்கள். எடுத்து ஒட்டினால் தமிழே வருவதில்லை. திறந்த மூலத்தில் வழி உண்டா?
— கடைக்காரர், புதுவயல்

வாருங்கள், நம் ஆள். பக்கம் வடிவமைக்க நாம் பயன்படுத்தும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது அதே பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறோம். நம் தொழிலில் ஓடுவது எந்த வகை நகல் என்பதை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் சங்கத்தில் எனக்குக் காப்பி கொடுக்க மாட்டார்கள்.

பாமினியில் ‘தமிழ்’ என்று நாம் அடிப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று கண் பார்க்கிற வரிசையில் மூன்று தட்டுத் தட்டுகிறோம். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு வேறு மாதிரி. முதலில் க, அதன்பின் ஒகரக் குறி, அவ்வளவுதான் உள்ளே இருக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் க-வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வேலையை ஒரு நிரல் செய்ய வேண்டும். பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். இது தெரியாமலேயே தினமும் நம் கொம்புகளை அது இடம் மாற்றி வைக்கிறது.

உங்களுக்கு ஸ்கிரைபஸ் என்ற திறந்த மூலப் பக்க வடிவமைப்பு மென்பொருள் சரியாக இருக்கும். 1.5.3 பதிப்பிலிருந்து அதிலும் தமிழ் சரியாக வருகிறது. 2024-இல் வந்த 1.6-ஐப் போட்டுக்கொள்ளுங்கள். ஆப்செட்டுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பும் பி.டி.எஃப்-பும் ஒழுங்காக வரும். எனக்கு அதன் மெனுக்களைக் கண்டால் எரிச்சல்தான். சின்ன மாற்றத்துக்கும் நாலு சன்னல் திறக்கச் சொல்லும். பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல் தொகுப்பு இருக்கிறது. கல்லூரிப் பிள்ளை யாராவது ஒரு மாலையில் செய்து கொடுத்துவிடுவான்.

மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். ‘இளையாத்தங்குடி கோவில் பெருமருதூருடையார் பிரிவு’ என்ற வரியில் ஒரு கால் நழுவினாலும் சம்பந்தி வீட்டில் ஹார்ஃப்பஸைக் கேட்க மாட்டார்கள், நம்மைத்தான் கேட்பார்கள். இன்னொன்று, முகூர்த்த மாதத்தில் மாறாதீர்கள். ஆடியில் மாறுங்கள்.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் மாணவர்களில் அதைத் திறந்தவர் அரிது. திறந்த மூலம் நம் ஊருக்கு ஒத்துவராது என்றுதானே அர்த்தம்?
— பள்ளி ஆசிரியர், கோட்டையூர்

என் மேசைக்கு வந்த அந்த மடிக்கணினிகளிலும் அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குற்றம் மென்பொருளில் இல்லை. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, உருப்படியான பொருள். சிக்கிக்கொண்டால் கேட்க ஒரு ஆள் வேண்டுமே? விண்டோஸுக்குத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைக்காரர் உட்பட. லினக்ஸுக்கு யாரும் இல்லை. குறுந்தகடும் கையேடும் மட்டும் கொடுத்து எதையும் பரப்ப முடியாது.

பாடநூலையும் சொல்ல வேண்டும். கடிதம், கணக்கு எழுத உதவும் ஓப்பன் ஆபீஸ் திட்டத்திலிருந்து பெரும்பாலானோர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கியது 2010-இல். 2018-இல் வந்த நம் 11-ஆம் வகுப்பு நூல் ஓப்பன் ஆபீஸைச் சொல்லிக்கொடுத்தது. குடித்தனம் மாறிப் போன வீட்டுக்குப் பத்திரிகை வைத்த கதை.

ஒத்துவராது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மாணவர்களின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான்.

ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதினேன். ‘கையேட்டைப் படி’ என்று முகத்தில் அடித்தாற்போல் பதில். இதுதான் இவர்கள் பண்பாடா?
— பெயர் வேண்டாம், கண்டனூர்

சிலருக்கு இதுதான். டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொற்களுக்காக 2018-இல் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். மரியாதை இல்லாமல் பேசுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் எழுதியதையும் பாருங்கள். ‘கம்ப்யூட்டர் ஓடவில்லை’ என்று எனக்கும் தினமும் போன் வருகிறது. பாதி பேருக்கு சுவிட்ச் போடாததுதான் காரணம். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதி, திரையையும் படம் எடுத்து இணையுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு ‘கொ’-வும் தெரியாது, ‘கே’-யும் தெரியாது. கொம்பு இடப்பக்கம் நிற்க வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தெரியும். அதற்கும் ‘கையேட்டைப் படி’ என்று பதில் வந்தால் அந்த மென்பொருளையே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். ஆர்டர் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும் என்று மருமகள் போட்டுக் கொடுத்தாள். கூட்டுத்தொகை மட்டும் தப்பாகவே வருகிறது. காசு கொடுத்து வாங்கினால் சரியாகிவிடுமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

வாங்கினாலும் இதே தப்பைத்தான் போடும், ஆச்சி. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். மனகோலத்துக்கு ‘5 கிலோ’, சீப்புச் சீடைக்கு ‘3 கிலோ’ என்று எண்ணையும் அளவையும் ஒரே கட்டத்தில் அடித்திருக்கிறீர்கள். அது அதற்கு எழுத்து, கூட்டும்போது விட்டுவிடும். கட்டத்தில் வெறும் 5 மட்டும் இருக்கட்டும், ‘கிலோ’ பக்கத்துக் கட்டத்துக்குப் போகட்டும். கந்தரப்பத்தை எண்ணிக்கையில் விற்கிறீர்கள், அதற்குத் தனி வரிசை. வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், விலையை எளிதில் திருத்த முடியாது.

சீப்புச் சீடை கிலோ என்ன விலை என்று தாளில் இல்லையே?