மரபு என்ற போர்வை

கேள்வி: உக்ரைன் போர் பற்றிய ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதை நியாயப்படுத்துகிறவர்களும் திட்டுகிறவர்களும் எந்த வல்லரசு அணியிலும் சேராத நேரு காலத்து அணிசேராமை மரபையே இழுக்கிறார்களே, எது சரி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டு பேருக்குமே அந்த மரபில் சாட்சி கிடைக்கும், சங்கடமே அதுதான். 1956-ல் எகிப்தின் மேல் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் பாய்ந்தபோது உடனே கண்டித்த நேருவுக்கு, அதே நாட்களில் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது. அதோடு விட்டதா? ஐ.நா. மேற்பார்வையில் அங்கே தேர்தல் நடக்க வேண்டும் என்று கேட்ட தீர்மானத்தை எதிர்த்தே ஓட்டுப் போட்டோம். ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள், அப்புறம் நேருவின் குரல் கொஞ்சம் மாறியது, ஆனால் போட்ட ஓட்டு போட்டதுதான். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2022 மார்ச்சில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது நாம் 35 பேரில் ஒருவராக ஒதுங்கி நின்றது நாகரிகமான காரியம்!

எதிர்க்கட்சியாக இருக்கும்போது மரபைக் கிழிப்பதும் நாற்காலி கிடைத்ததும் அதையே போர்த்திக்கொள்வதும் புதிதில்லை. 1977-ல் ஜனதா ‘உண்மையான அணிசேராமை’ என்று சொல்லிக்கொண்டு வந்தது. சரி, 1971-ல் இந்திரா போட்ட சோவியத் நட்பு ஒப்பந்தத்துக்கு வேட்டு என்று நினைத்தால், வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் அதைத் தொடவே இல்லை. எப்படித் தொடுவார்? போர் விமானமும் டாங்கியும் அங்கிருந்துதானே வந்தன. இன்றைக்கும் உதிரிபாகத்துக்கு அந்தத் திசையைத்தான் பார்க்கிறோம், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால் மரபு என்கிறோம்.

தனி ஒரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானத்தை ஆதரிப்பதில்லை என்பதும் டெல்லி அடிக்கடி சொல்லும் மரபுதான். 2012-லும் 2013-லும் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டபோது, தமிழ்நாட்டு நெருக்கடிக்கு முன்னால் அது நிற்கவில்லை. 2014-ல் ஒதுங்கிக்கொண்டோம், போன மரபு பத்திரமாக வீடு திரும்பிவிட்டது.

இன்னொரு மரபை மட்டும் யாரும் போர்த்திக்கொள்வதில்லை. 1962 நவம்பரில் சீனப் படை எல்லைக்குள் நின்றுகொண்டிருந்தபோதே நேரு நாடாளுமன்றத்தைக் கூட்டி, விழுந்த வசவையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். 2022 டிசம்பரில் அருணாசலப் பிரதேசத்துத் தவாங்கில் சீனப் படையோடு நடந்த மோதல் பற்றி விவாதம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதற்குக் கிடைத்தது அமைச்சரின் சின்ன அறிக்கை ஒன்று.