டிராக்டர் லோடரில் பாரம் கொண்டுபோகும்போது பக்கெட்டை ஏன் தாழ்த்தியே வைக்க வேண்டும்?

டிராக்டரின் முன்னால் இரண்டு கைகளோடு மாட்டியிருக்கும், மண், எரு அள்ளித் தூக்கும் அமைப்புதான் லோடர். கைகளின் நுனியில் இருக்கும் அள்ளும் தொட்டிதான் பக்கெட். அந்தக் கைகளை உயர்த்துவது எண்ணெய் அழுத்தம்.

பாரம் மேலே போகப்போக வண்டியின் எடை மையமும் மேலே போகிறது. வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி சின்னப் பள்ளத்துக்கே சாய்கிற மாதிரிதான். டிராக்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் முன் அச்சு நடுவில் ஒரே இரும்பு முளையில் (pin) நிற்பதால், மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடும். பக்கவாட்டில் சாயாமல் தாங்குவது பின் சக்கரங்கள்தான். முன்னால் பாரம் ஏறினால் அவற்றின் மேல் எடை குறைந்துவிடும். அதனால்தான் பின்னால் எடைக்கட்டு மாட்டுவதும், பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும். சரிவில் குறுக்கே போவதையும் சட்டென்று திருப்புவதையும் விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை: இணைப்பு முளைகளுக்குக் கிரீஸ், போல்ட் இறுக்கம், எண்ணெய் அளவு. ஆனால் எண்ணெய் போகும் ரப்பர் குழாயில் (ஹோஸ்) கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், எஞ்சினை அணைத்துவிட்டால் தூக்கிய பக்கெட் அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அப்போதும் அதைத் தாங்குவது அடைபட்ட எண்ணெய்தான். ஹோஸ் வெடித்தாலோ யாராவது லீவரைத் தட்டினாலோ பக்கெட் கீழே வந்துவிடும்.