எட்டடி விரியன் கடித்தால் மூளை கெட்டுப்போகுமா?

வன்னி ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: அக்கா, காலபோக வயலுக்குக் காவல் போன என் தம்பி கொட்டிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது எட்டடி விரியன் கடித்துவிட்டது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்றான். பிறகு கண்மடலைத் தூக்க முடியவில்லை, பேச்சும் போய்விட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றியும் பல நாள் மெஷினில்தான் மூச்சு. "நரம்பு நுனியில் சரக்குத் தீர்ந்துவிட்டது" என்றார் டொக்டர். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். மூளையில் ஏதும் பழுது இருக்குமா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, டொக்டர் சொன்ன நரம்பு நுனி மூளைக்குள் இருப்பதல்ல, தசையில் போய் முடிவது. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான்.

நரம்பில் ஓடிவரும் மின்துடிப்பு நுனியோடு நின்றுவிடும். அடுத்த கலத்துக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி. மூளையில் அது ஏறக்குறைய 20 நனோமீற்றர், தசையில் அதைவிடச் சற்று அகலம். அதைத் தாண்டுவது இரசாயனம்தான், டொக்டர் சொன்ன சரக்கு அதுதான். நுனிக்குள் சுமார் 40 நனோமீற்றர் அளவான குட்டிப் பைகள் நிறைந்திருக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்புக்குள் அவற்றில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். துடிப்பு வந்ததும் கல்சியம் உள்ளே பாயும், சினப்டோடாக்மின் என்ற புரதம் அதை உணரும், பை நுனியின் சுவரோடு ஒட்டி வாய் திறந்து சரக்கைக் கொட்டும். எல்லாம் ஒரு மில்லிசெக்கனுக்குள். சரக்கு பை பையாகத்தான் வெளியேறுகிறது என்பதைத் தவளைத் தசையை வைத்துக் காட்டியவர் பேர்னாட் காட்ஸ். 1970இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கல்சியத்தின் பங்கைத் துலக்கிய தோமஸ் சூடோவ் 2013இல் பெற்றார்.

தசைக்குப் போகும் நரம்பு ஒரு துடிப்புக்குப் பத்துக்கணக்கான பைகளைக் கொட்டும். மூளையில் உள்ள நுனி கஞ்சத்தனம் பிடித்தது. பல தடவை ஒரு பைதான், சில தடவை அதுவும் இல்லை. அங்கே சரக்கும் பலவகை: குளுட்டமேற், காபா, டோபமின், செரட்டோனின். தசையில் அசற்றைல்கோலின்.

சரி, பாம்புக்கு வருவோம். இந்த விரியனின் நஞ்சு நரம்பின் நுனியையே தாக்கும். முதலில் பைகள் காலியாகும், பிறகு நுனியே சிதையும். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், சிதைந்த நுனியைக் கட்டித் தராது. நுனி தானாக வளர நாட்களாகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை மெஷின்தான் ஆளைக் காப்பாற்றும். மருந்து வேலை செய்யவில்லை என்று வார்டில் சண்டை பிடித்த சொந்தக்காரர் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிலும் பிழை இல்லை, யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நஞ்சு பெரிய புரதம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது இலேசில் நுழையாது. ஆனால் கண்மணி விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் அசையாமல் கிடக்கும். மூளை செத்துவிட்டதென்று தவறாக நினைக்க வைப்பது அதுதான். பல வேளை உள்ளே ஆளுக்கு நினைவு இருக்கும், நாம் கதைப்பதும் கேட்கும். அதனால்தான் கட்டிலருகே செத்தவீட்டுச் செலவுக் கணக்குப் பேசுபவர்களை நான் வெளியே அனுப்பிவிடுவேன்.

மெஷின் போடுவதற்கு முன் மூச்சு நின்று, ஒட்சிசன் கிடைக்காத நேரம் நீண்டிருந்தால் மாத்திரமே மூளையைப் பற்றி யோசிக்க வேண்டும். தம்பி முன்போல் கதைத்து, கணக்கு வழக்குப் பார்த்தால் பயமில்லை. எதற்கும் கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். அடுத்த முறை காவலுக்குப் போனால் கட்டிலும், ஓரத்தைச் செருகிய நுளம்பு வலையும் வேண்டும். இந்தப் பாம்பு கடித்தால் வலிகூடத் தெரியாது. பரியாரியிடம் போய் வேப்பிலை மென்று பார்க்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடலாம்.

கேள்வி: மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்தவருக்கு வாயூறி, வியர்த்து, தசை துடித்தது. இதுவும் அதே மாதிரியா?
வாசகர், விசுவமடு

பதில்: நேர் எதிர். கொட்டிய அசற்றைல்கோலினை உடனே உடைத்துத் துப்புரவாக்க ஒரு நொதியம் இருக்கிறது. ஓர்கனோபொஸ்பேற் வகை மருந்துகள் அந்த நொதியத்தை முடக்கிவிடும். சரக்குத் தேங்கிக் கண்மணி சுருங்கும், வாயூறும், கண்ணீர் வடியும், தசை துடிக்கும். கடைசியில் மூச்சுத் தசையும் சோர்ந்துவிடும். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லேபலைப் பார்த்தால் அற்றோபின் என்ற முறிவு மருந்து போடுவதா என்று டொக்டர் விரைவாக முடிவெடுக்கலாம்.